பிள்ளையின் நிறையும் வாழ்வின் தரமும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்பிள்ளைகளின் சுகாதாரம் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேர். ஒருவர் சிறுவர் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருவர் கணிதம் படிப்பித்தவர். ஒருவர் மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேத்திமாரை வளர்ப்பவர். மூவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். என்ன பேசலாம் என்று வெள்ளவத்தையில் ஒருவர் வீட்டில் கூடியபோது, மூவருக்கும் ஒரே நாள்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது மண்டபத்தில் தராசு வைத்து நிறை பார்த்தார்கள். இடாப்பு வரிசைப்படி ஒவ்வொருவராக ஏறினோம். ஒருவர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல, வகுப்புத் தலைவி எழுதவேண்டும். அந்த வகுப்புத் தலைவி எங்கள் மூவரில் ஒருவர். வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் ஒவ்வொரு எண்ணும் கேட்டது. எங்கள் தோழி ஒருத்தி ஏறியபோது 'அறுபத்திரண்டு' என்று கேட்டது. யாரோ சிரித்தார்கள். அன்று பின்னேரம் பஸ்தரிப்பில் அவளுடைய பெயர் அறுபத்திரண்டு ஆகிவிட்டது. 'அறுபத்திரண்டு வருகுது, இடம் விடுங்கோ' என்று சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம்.

அவள் வலைப்பந்தாட்டத்தில் கோல் காப்பவள். அடுத்த தவணை விளையாட வரவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சிக் கண்காட்சி நடந்த அன்று அவளுக்குக் காய்ச்சல். அடுத்த வருடமும் அதே நாளில் காய்ச்சல். ரியூஷனில் கடைசி வாங்கு. இடைவேளையில் கன்ரீன் பக்கம் வரமாட்டாள். மற்றவர்கள் பார்க்கச் சாப்பிடுவது அவளுக்கு வெட்கம் என்று இப்போது விளங்குகிறது. அப்போது 'பெருமைக்காரி' என்றுதான் நினைத்தோம். இவற்றில் ஒன்றும் அந்த இடாப்பில் இல்லை. இடாப்பில் இருந்தது 62 மட்டும்.

இன்று நாங்கள் பேச வந்தது அந்த இடாப்பில் இல்லாத விடயத்தைப் பற்றித்தான். அதையும் அளக்கலாம் என்று கடந்த முப்பது வருடங்களில் உலகம் கண்டுகொண்டிருக்கிறது.

முதலில் தராசுக்கு அதன் மரியாதையைக் கொடுப்போம். இலங்கையில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. நிறையும் உயரமும் பார்க்கிறார்கள். நிறையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி, நாம் பீ.எம்.ஐ. என்று சொல்வது. 1832இல் இந்த விகிதத்தைக் கண்ட அடொல்ஃப் கெட்டெலே என்ற பெல்ஜியக்காரர் வைத்தியர் அல்ல, வானியலும் புள்ளிவிபரமும் படித்தவர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர் அதை உண்டாக்கவில்லை. இன்றைய பெயரை 1972இல் ஆன்சல் கீஸ் வைத்தார்.

வளரும் பிள்ளைக்கு இந்த எண்ணை அப்படியே பார்க்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரையான வளர்ச்சி வரைபில் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப வைத்துப் பார்க்கவேண்டும். பூப்படையும் காலத்தில் பெண்பிள்ளையின் உடலில் கொழுப்புச் சேர்வது இயற்கை. பதின்மூன்று வயதில் ஒரே வகுப்பில் ஒருத்தி குழந்தை மாதிரியும் பக்கத்தில் இருப்பவள் பெண் மாதிரியும் இருப்பார்கள். எங்கள் தோழி வகுப்பில் முதலில் பெரியபிள்ளையானவர்களில் ஒருத்தி, உயரத்திலும் முதல் மூன்றில் ஒருத்தி. எங்கள் கணித ஆசிரியை சொல்கிறார்: உயரம் தெரியாமல் நிறையை மட்டும் வாசித்தது கணக்காகவே பிழை.

இன்னொரு பக்கமும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் மருத்துவப் பேராசிரியர் பூஜித விக்கிரமசிங்கவும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வுகளில், நமது பிள்ளைகள் அதே பீ.எம்.ஐ. உள்ள வெள்ளைக்காரப் பிள்ளைகளை விடக் கூடுதல் கொழுப்பு உள்ளவர்களாக இருப்பது தெரிந்தது. பார்வைக்கு மெல்லியவளாக இருப்பவள் நலமாகத்தான் இருக்கிறாள் என்று நாமாகவே சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் நிறை குறைந்த பிள்ளையும் நிறை கூடிய பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். 'ஈர்க்கு' என்று பெயர் வாங்கியவர்களும் இந்தச் சபையில் இருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும்.

இனி மற்ற அளவைக்கு வருவோம். தமிழில் 'வாழ்க்கைத் தரம்' என்றால் வீடு, வாகனம், வருமானம் நினைவுக்கு வரும். அதனால் நாங்கள் 'வாழ்வின் தரம்' என்று சொல்லிக்கொள்கிறோம். ஒருவர் தன் வாழ்வு எப்படிப் போகிறது என்று, தான் வளர்ந்த பண்பாட்டுக்குள் நின்று, தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துத் தானே உணர்வது அது. உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் கொடுத்த விளக்கத்தின் சாரமும் இதுவே. இதில் முக்கியமான சொல் 'தானே'. வைத்தியர் சொல்வதல்ல, அம்மா சொல்வதல்ல, பிள்ளை சொல்வது.

பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட வினாக்கொத்துகளில் உலகெங்கும் கூடுதலாகப் பயன்படுவது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய பெட்ஸ்கியூஎல். அதன் இன்றைய வடிவத்தில் 23 கேள்விகள். உடல் இயக்கம் பற்றி 8, மனநிலை பற்றி 5, மற்றப் பிள்ளைகளோடு பழகுவது பற்றி 5, பாடசாலை பற்றி 5. கடந்த ஒரு மாதத்தில் இந்த விடயம் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று கேட்டு, ஒருபோதும் இல்லை என்பதற்கு 100, அதற்கு அடுத்த படிகளுக்கு 75, 50, 25, அநேகமாக எப்போதுமே என்றால் 0 என்று புள்ளி போடுவார்கள். கூட்டி 23ஆல் வகுத்தால் மொத்தப் புள்ளி. பெற்றோருக்கு இதே கேள்விகளோடு தனித்தாள் உண்டு. தாயும் மகளும் தனித்தனியாக நிரப்பும்போது இரண்டு தாளும் ஒத்துவராத வீடுகள் பல.

எங்கள் கணித ஆசிரியை கரும்பலகையில் போடும் உதாரணம் ஒன்று. இது கற்பனைப் பிள்ளை. உடல் பகுதியில் எட்டுக் கேள்விக்கும் 100. மனநிலையில் ஐந்துக்கும் 50. பழகுவதில் ஐந்துக்கும் 25. பாடசாலையில் ஐந்துக்கும் 75. கூட்டினால் 1550, 23ஆல் வகுத்தால் 67. அறுபத்தேழு என்றால் நம் ஊர் வழக்கில் 'பீ' சித்தி, பரவாயில்லை என்று கோவையை மூடிவிடுவோம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு தோழி இல்லை. ஆகவே மொத்தப் புள்ளியோடு நின்றுவிடாமல், எந்தப் பகுதி விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இந்த வினாக்கொத்தைச் சிங்களத்தில் ஆக்கி, இலங்கையின் இளம் கட்டிளமைப் பருவத்தினரிடம் நம்பத்தக்கதா என்று சோதித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மொழிமாற்றுவது லேசான வேலையல்ல. இப்படியான கேள்விகளைப் பக்கத்து வீட்டுப் பதினான்கு வயதுப் பிள்ளையோடு தமிழில் சொல்லிப் பார்த்தோம். அமெரிக்கக் கேள்வி ஒன்று, ஒரு 'புளொக்' தூரத்துக்கு மேல் நடப்பது கஷ்டமா என்கிறது. பம்பலப்பிட்டி பிளாட்ஸில் இருக்கும் பிள்ளைக்கு புளொக் என்றால் மாடிக் கட்டடம். 'அதுக்கு மேலே எப்படி நடக்கிறது அன்ரி?' என்று கேட்டாள். காலி வீதியில் ஒரு ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கை என்று மாற்றினோம். அதைவிடக் கஷ்டம், மற்றவர்கள் கேலி செய்வது பற்றிய கேள்வி. 'பகிடி பண்ணுகிறார்களா?' என்று கேட்டால், 'ஓம், எல்லாரும் எல்லாரையும்தான், அது பரவாயில்லை' என்று சிரித்தாள். 'நக்கல் அடிக்கிறார்களா?' என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல்லில் மறுமொழி மாறிவிட்டது.

இப்போது நிறைக்கும் இந்தப் புள்ளிகளுக்கும் உள்ள தொடர்பு. 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று பலரைத் திடுக்கிட வைத்தது. சிறுவர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட, அதீத உடற்பருமன் உள்ள, 5 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 106 பேரிடம் கேட்டார்கள். சுகதேகிகளான பிள்ளைகளின் சராசரி 83, இவர்களுடையது 67. அது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் புள்ளியோடு ஒத்திருந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிதாகப் போட்டன. எங்கள் வைத்தியர் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்கிறார்: அவர்கள் கஷ்டம் முற்றி வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகள். வகுப்பறைப் பிள்ளைகளை அவர்களோடு ஒப்பிடக்கூடாது.

வகுப்பறைப் பிள்ளைகளைப் பற்றி 2005இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலிருந்து வந்த ஆய்வு எங்களுக்குக் கூடுதல் பெறுமதியாகப் படுகிறது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 1,456 பேர். நிறை கூடக்கூடப் புள்ளி குறைந்தது உண்மை, ஆனால் அமெரிக்க ஆய்வில் கண்ட அளவுக்கு இல்லை. உடற்பருமன் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பகுதிகள் தெளிவாக விழுந்திருந்தன: உடல் இயக்கமும், மற்றப் பிள்ளைகளோடு பழகுவதும். மனநிலையிலும் படிப்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சகோதரிகளே, நிறை கூடினால் ஓடுவது கஷ்டம் என்பது விளங்குகிறது. பழகுவது ஏன் கஷ்டமாகவேண்டும்? பழகுவதற்குக் கிலோக்கணக்கு இல்லை. அந்தப் பகுதி விழுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இன்னொரு ஆளைப் பற்றியும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 4,746 மாணவ மாணவியரிடம் கேட்டு 2003இல் வெளியிட்டார்கள். உடம்பைப் பற்றி நக்கலுக்கு ஆளான பிள்ளைகளுக்குத் தன்மதிப்புக் குறைவும் மனச்சோர்வும், சிலருக்கு உயிரை மாய்க்கும் எண்ணமும் கூடுதலாக இருந்தன. அந்தப் பிள்ளையின் உண்மையான நிறை என்ன என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு அழியவில்லை. குண்டான பிள்ளையோ மெல்லிய பிள்ளையோ, கேட்ட சொல் கேட்ட சொல்தான். நக்கல் இரண்டு இடத்திலிருந்து வந்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள்: கூடப் படிப்பவர்களிடமிருந்து ஒன்று, வீட்டிலிருந்து மற்றது. இரண்டும் கேட்டவர்கள் நிலைதான் மிக மோசம்.

நிறைக்கென்றே செய்த வினாக்கொத்துகளும் வந்துவிட்டன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஒன்றில் 21 கேள்விகள், 11 முதல் 18 வயதுக்கு. கறுப்பின, மெக்சிக்கோ வழிவந்த, வெள்ளையினப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னவற்றிலிருந்து கேள்விகளை எடுத்தார்கள். அந்த வேலையை நம் பிள்ளைகளோடு செய்தால் என்ன கேள்விகள் வரும் என்று நாங்கள் மூவரும் ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். சாமத்திய வீட்டுப் படத்தை ஒளித்து வைக்கிறாயா என்று ஒரு கேள்வி வரும். கல்யாண வீட்டில் மாமிமார் முதலில் சொல்லும் சொல் என்ன என்று ஒரு கேள்வி வரும். சீருடை தைக்கும் அக்கா இஞ்சி நாடாவோடு சுற்றி அளக்கும்போது வாயால் எண்ணைச் சொல்கிறாரா?

நம் வீடுகளைப் பாருங்கள். பிள்ளை பெரியவளானவுடன் உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஊட்டி ஊட்டி வைக்கிறோம். ஒரு வருடம் கழித்து, பஞ்சாபி இறுக்கமாக இருக்கிறது என்றதும் 'சோற்றைக் குறை, இப்படியே போனால் ஆர் கட்டுவான்' என்கிறோம். ஊட்டியதும் நாங்கள், குற்றம் சொல்வதும் நாங்கள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணித்தியாலத்தில் ரியூஷன். இடையில் கையில் கிடைப்பது ரோல்ஸ் அல்லது பற்றிஸ், ஒரு சோடா. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிவப்பு என்றால் நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல். பிள்ளைக்கு அந்த வட்டத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? நடப்பதற்கு மரைன் டிரைவ் இருக்கிறது, கடற்காற்று இருக்கிறது. ஆனால் பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது, கூட்டிப்போக எங்களுக்கு நேரமில்லை. ஆடிவேல் பார்க்கக் கதிரேசன் கோயிலடியில் மணிக்கணக்காக நிற்கிறோம், அது வேறு.

நிறை ஒரு பொருட்டே இல்லை என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். முதிர்ந்தவர்களுக்கு வரும் நீரிழிவு இன்று கட்டிளமைப் பருவத்திலும் வருகிறது. பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால், அக்குளில், தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் மாதிரி இருந்தால் அது ஊத்தை அல்ல. பயற்றமா போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையைத் திட்டிய தாய்மார் பலரை எங்கள் வைத்தியர் கண்டிருக்கிறார். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள். மாதவிலக்கு மாதக்கணக்காகப் பிந்தினாலும் அப்படியே. உடம்பைப் பற்றி வைத்தியர் கதைக்கட்டும். வெட்கப்பட்ட பிள்ளை விளையாட வரமாட்டாள், வைத்தியரிடமும் வரமாட்டாள். ஒளித்துச் சாப்பிடுவாள், அல்லது சாப்பிடாமல் விடுவாள். நக்கல் யாரையும் மெலிய வைத்ததை எங்கள் வைத்தியர் முப்பது வருடத்தில் கண்டதில்லை.

இந்தப் பின்னணியில் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. நூற்றாண்டு நிதியிலிருந்து பாடசாலைக்கு என்ன கொடுப்பது என்று குழு ஆலோசிக்கிறது. பெயர்க்கல் பதிக்கும் பெரிய அன்பளிப்புகள் பட்டியலில் இருப்பது தெரியும். அவற்றோடு சுகவீன அறைக்கு ஒரு நல்ல டிஜிற்றல் தராசு, சுவரில் பொருத்தும் உயரமானி, ஒரு துணித்திரை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரைதான் முக்கியம். பிள்ளை தனியாக ஏறவேண்டும், எண்ணை வாயால் சொல்லக்கூடாது, எழுதுபவர் மாணவியாக இருக்கக்கூடாது. லண்டனிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. இங்கிலாந்தில் 2005 தொடக்கம் 4-5 வயதிலும் 10-11 வயதிலும் பிள்ளைகளை அளக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் அளந்து, விபரத்தைப் பெற்றோருக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து அழவைத்த தாய்மாரும் உண்டென்று எங்கள் தோழிகள் சொல்கிறார்கள், அது எங்கள் அடுத்த கூட்டத்துக்கு.

இரண்டாவது, வருடத்துக்கு ஒருமுறை பெயர் எழுதாத தாளில் பிள்ளைகளிடம் கேட்கும் ஒழுங்கு. உரிமம் பெற்ற வினாக்கொத்துத்தான் வேண்டும் என்றில்லை. போன மாதம் விளையாட்டுப் பாடத்துக்குப் போகாமல் இருந்தாயா, இடைவேளையில் யாரோடு இருந்தாய், உன் உடம்பைப் பற்றி யாராவது சொன்ன சொல் மனதில் நிற்கிறதா. மூன்று கேள்வி போதும். தாள்களை வாசிக்க எங்கள் வைத்தியர் தன் நேரத்தைத் தருகிறார். ஆலோசனை ஆசிரியையோடு இருந்து வாசிப்பார்.

எங்கள் தோழியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கமுடியாது. அவள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். எத்தனையோ ஒன்றுகூடலுக்கு அழைத்தும் வந்ததில்லை. இந்த உரையை எழுதத் தொடங்கியபோது, அவளைக் கேட்காமல் அவள் கதையைச் சொல்வது மறுபடியும் அதே பிழை என்று பட்டது. தொலைபேசியில் கூப்பிட்டோம். வகுப்புத் தலைவியாக இருந்தவர்தான் பேசினார். தான் எழுதிய அந்த எண்ணையும், அதற்குப் பிறகு பஸ்தரிப்பில் சொன்னதையும் எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'நீ மறந்திருப்பாய் என்று நினைச்சன்' என்றாள். கதையைச் சொல்லலாம், பெயர் வேண்டாம் என்றாள். தன் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது வீட்டுத் தராசைத் தூக்கி எறிந்ததாகவும், அதுவும் சரியோ தெரியாது என்றும் சொன்னாள். வைத்தியரிடம் போனால் இன்றும் தராசில் திரும்பி நின்றுதான் ஏறுவாளாம்.

திரைக்கும் தராசுக்கும் உதவ விரும்புகிறவர்கள் இடைவேளையில் மண்டப வாசலில் இருக்கும் எங்களிடம் பெயரைக் கொடுங்கள். முதல் பெயர் ரொறன்ரோவிலிருந்து ஏற்கனவே வந்துவிட்டது.